வடக்கு வாசல் திறந்த நாள்

ஆனி 10, செவ்வாய். காலை
காற்று சரி. சூடு சரி. தண்ணீர் சரி. கோட்டையின் மேல் மேகம் இல்லை.

...அதைத்தான் நேற்றுச் சொல்ல வந்தேன், அதற்குள் இந்தப் பதிவுப் பெட்டி தானாக அணைந்துவிட்டது. கேட்கிறீர்களா? இதைக் கண்டெடுக்கிற மகராசி யாராக இருந்தாலும் நன்றாக இருங்கள். என் பேச்சு இவ்வளவு திருத்தமாக இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது கருங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பு வரை. வாய்க்கு வந்தபடி பேசுவேன். இந்தப் பெட்டி அதைப் புத்தகத் தமிழாக்கி எழுதிக்கொள்ளும். அடுத்தவர் பேசியதைச் சொன்னால் மட்டும் ஓர் எழுத்தும் மாற்றாது. கோர்ட் உத்தரவு அப்படி.

என் பெயர் உலகம்மாள். நான் சாட்சி. சூரியன் ஒரு பெரிய நட்சத்திரமாக மட்டும் தெரிகிற தூரத்தில் இருக்கிறேன். இங்கிருந்து பேசினால் ஊருக்குக் கேட்க மூன்று நாள் ஆகும்.

எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்த் தெய்வம் நாச்சியார் காலத்து வெயில் கருங்கோட்டையில் பட்டு மேலே கிளம்பிப் போனதே, அது எங்கோ ஒரு கருந்துளையைச் சுற்றிக்கொண்டு இப்போதுதான் திரும்பி வருகிறதாம். சூரியனே பூதக்கண்ணாடி மாதிரி அதைக் குவித்துக் கொடுக்குமாம். குவிகிற இடம் இதுதான். இங்கே உட்கார்ந்து தூரக்கண்ணில் பார்த்தால், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கோட்டையில் இன்றைக்கு என்ன நடக்கிறதோ அது தெரியும். ஒரு தடவைதான். இன்றைக்கு வந்த வெளிச்சம் நாளைக்கு வராது.

பார்ப்பது மேலேயிருந்து. முகம் தெரியாது, உச்சந்தலைதான். சத்தம் கிடையாது. காலையிலும் மாலையிலும் நிழல் நீளமாக விழும். ஆளை நிழலை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

பூஜை முடித்தேன். எண்ணெய் விளக்குக்கு இங்கே அனுமதி இல்லை. காற்று இயந்திரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிகிறது. நாச்சியார் படத்தை அதன் கீழே ஒட்டி, அதைத்தான் கும்பிடுகிறேன். அவளுக்குப் பெயரே வெயிலுகந்த நாச்சியார். எந்த வெளிச்சத்திலும் வருவாள்.

ஆனி 18, புதன். காலை
காற்று சரி. சூடு சரி. தண்ணீர் சரி. கோட்டையின் மேல் லேசான மேகம்.

வழக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நாச்சியார் எங்கள் பக்கத்தை ஆண்ட ராணி. வடக்கேயிருந்து ஒரு பேரரசன் ஆள் அனுப்பினான். அவனுடைய முத்திரையைக் கோட்டை வாசலில் பொறிக்க வேண்டும், வருஷா வருஷம் நெல்லும் ஆளும் அனுப்ப வேண்டும் என்று. சுற்றுப்பட்ட ராஜாக்கள் எல்லாம் பொறித்துக்கொண்டார்கள். நாச்சியார் வந்தவர்களுக்கு மோர் கொடுத்து, வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்கள் என்று அனுப்பிவிட்டாள். படை வந்து கோட்டையைச் சுற்றியது. கடைசி நாளில் உள்ளேயிருந்து யாரோ வடக்கு வாசலைத் திறந்துவிட்டார்கள். நாச்சியார் மதில் மேலேயே அம்பு பட்டு விழுந்தாள், தெய்வமானாள்.

திறந்தது வாசல் காவல்காரன் பெண்டாட்டி என்பது ஊர்க் கதை. அவளுடைய வம்சம் நாங்கள். வாசல்காரத் தெரு என்று எங்களுக்குத் தனித் தெரு. கோவில் கொடை விழாவில் நாச்சியார் எல்லாத் தெருவுக்கும் முகம் காட்டிப் போவாள். எங்கள் தெரு முனை வந்ததும் முகத்தில் சிவப்புப் பட்டுத் திரையைப் போட்டு மூடிவிடுவார்கள். துரோகி வீட்டைத் தாய் பார்க்க மாட்டாளாம். தெரு தாண்டியதும் எடுத்துவிடுவார்கள். தலைப்பிள்ளையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டுவது ஊர் வழக்கம். எங்கள் தெருவில் ஒரு பிள்ளையையும் காட்டியதில்லை. என் மகள் சண்முகவடிவைக் கையில் ஏந்திக்கொண்டு நான் நின்றேன். திரைதான் போயிற்று.

திரையை எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டோம். அது மூன்று தலைமுறை நடந்தது. கடைசியில், பக்கத்துக்கு ஒரு சாட்சி போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், இரண்டு பேரும் ஒரே வார்த்தை சொன்னால் அதுவே தீர்ப்பு என்று கோர்ட் சொல்லிவிட்டது. கோவில் பக்கத்துச் சாட்சி ஆவுடையப்பன் அண்ணாச்சி. திரை பிடிக்கிற குடும்பமே அவர்களுடையதுதான். ஒருவரை ஒருவர் மனம் மாற்றிவிடக் கூடாது என்று அவருக்குக் கிழக்கு அறை, எனக்கு மேற்கு அறை. நடுவில் இரும்புச் சுவர். கம்பி வழியே பேசிக்கொள்ளலாம். முதல் நாள் அவர் பேசியது:

"ஏ வாசக்காரி, எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்து அசிங்கப்படணும்? ஊர்லயே மன்னிப்புக் கேட்டுருந்தா சோலி முடிஞ்சிருக்கும்லா?"

நான் சொன்னேன், "அண்ணாச்சி, ஒங்க சுகர் மாத்திரையப் போட்டுட்டுப் பேசுங்க. தல சுத்தி விழுந்தா தூக்குததுக்கு நடுவுல செவுரு இருக்கு."

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, புளிக்குழம்புப் பொடியில் எவ்வளவு வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டார்.

ஆனி 31, செவ்வாய். மாலை
காற்று சரி. சூடு சரி. தண்ணீர் சரி.

ஊரிலிருந்து குரல் வந்தது. சண்முகவடிவு.

"எம்மா, நல்லாருக்கியா? எனக்கு மாசம் நெருங்கிட்டு. டாக்டரு நடக்கச் சொல்லுதாவ, நான் ஒங்கூடப் பேசிக்கிட்டே நடக்கேன். ஏம்மா, நீ வாரதுக்குள்ள பிள்ள நடக்க ஆரம்பிச்சிரும்லா? பரவால்ல. நீ பாத்துட்டு வா. எம்பிள்ளைக்காவது திரை இல்லாமக் காட்டணும். வேற ஒண்ணும் கேக்கல."

நான் கிளம்பும்போது அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. வருகிற வழியெல்லாம் உறக்கப் பெட்டியில் நாலு வருஷம். கல்யாணத்தை நான் கேட்டதோடு சரி.

சரி, கோட்டையைச் சொல்கிறேன். நாச்சியாரை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு மதிலைச் சுற்றுவாள். மேலேயிருந்து பார்த்தால் ஒரு குங்குமப்பொட்டு நகர்கிற மாதிரி இருக்கும். படைக்காரர்கள் அந்தக் குடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குடை நடந்தால் ராணி உள்ளே இருக்கிறாள் என்று கணக்கு. அவளுக்கு இடது காலில் ஊனம். நிழல் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் தாழ்ந்து எழும். கதையில் இதை யாரும் சொன்னதில்லை. அண்ணாச்சிக்கே ஆச்சரியம்.

எங்கள் ஆள், காவல்காரன் பெண்டாட்டி, அவளையும் கண்டுபிடித்துவிட்டேன். வடக்கு வாசலை ஒட்டிய குடிசை. இடுப்பில் எப்போதும் பிள்ளை. நிழலில் ஒரு பக்கம் புடைத்துத் தெரியும். குடுகுடுவென்று நடப்பாள். புருஷனைப் போன வாரம் மதிலிலிருந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். அவள் அன்றைக்கும் பிள்ளையை இறக்கவில்லை. மறுநாள் சாவியை அவளே எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்கு மாலையில் ஒன்று பார்த்தேன். நாச்சியார் குடையை மடக்கி வைத்துவிட்டு அந்தக் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆள் கிணற்றுக்குப் போக வேண்டும். பிள்ளையை ராணியின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். யாரிடம் கொடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுப்பது போல. கிணற்றில் நீர் இல்லை போலிருக்கிறது, வெறுங்குடத்தோடு வந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். நிழல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தது.

இவளா திறக்கப் போகிறாள்? தாயே, இவள் கையை நீதான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆடி 5, ஞாயிறு. காலை
காற்று சரி. சூடு குறைகிறது. தண்ணீர் சரி.

கல் விழுந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு கல், புளியங்கொட்டை அளவு கூட இருக்காது என்கிறது இயந்திரம். படம் அனுப்புகிற தட்டு உடைந்துவிட்டது. இனிமேல் குரல் மட்டும்தான் போகும், வரும். சூடு தருகிற குழாயும் கீறிவிட்டது. இயந்திரம் சொன்னது: "நிலையத்தை விட்டு வெளியேறவும். ஊர் திரும்பும் படகு தயார்."

அண்ணாச்சியிடம் கேட்டேன். "அண்ணாச்சி, கெளம்பிருவமா?"

"நீ என்ன சொல்லுத?"

"மதில்ல தெக்குப் பக்கம் ஏணி சாத்திட்டானுவ. இன்னும் ரெண்டு மூணு நாள்தான். பாக்காமப் போனா இன்னொரு மூணு தலமுற இதே சண்டதான்."

"அப்பம் இருப்போம். கம்பளியச் சுத்திக்கோ. ஒனக்குக் குளிரு ஆகாதும்பியே."

வாசக்காரி என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

ஆடி 8, புதன். கோட்டையில் பொழுது விடிகிற நேரம்
காற்று சரி. சூடு பாதி.

இன்றைக்குத்தான். பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

சூரியன் இப்போதுதான் ஏறுகிறது. நிழல் எல்லாம் பனைமரம் மாதிரி நீளம். சிவப்புக் குடை தெற்கு மதிலுக்கு வந்துவிட்டது. வழக்கத்தைவிட முன்னதாக. மதிலின் விளிம்பில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நிற்கிறது. படை மொத்தமும் தெற்கே திரும்புகிறது. வடக்கே கூடாரம் போட்டவர்களும் ஓடுகிறார்கள்.

உள்ளே வடக்கு வாசலில் கூட்டம். சனம். சின்னச் சின்னத் தலைகள், பிள்ளைகள்.

வாசலுக்கு முன்னே ஒரு பெண் நிற்கிறாள். இடுப்பில் பிள்ளை. நிழல் புடைத்துத் தெரிகிறது. குனிகிறாள். தாழ்ப்பாள்.

ஐயோ, தொடாதே.

அண்ணாச்சி குரல் கொடுத்தார். "பாத்தியா உலகம்மா? பிள்ளையோட நிக்கா பாரு. ஒங்க ஆளுதான்."

திறந்துவிட்டாள். கதவு திறந்துவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் வந்து இதைப் பார்க்கவா. மகளுக்கு என்ன சொல்வேன்.

சனம் வெளியே போகிறது. வடக்கே வறண்ட குளம், அதற்கு அப்பால் பனங்காடு. குளத்துக்குள் இறங்கி ஓடுகிறார்கள். உள்ளே வர அந்தப் பக்கம் ஒரு சிப்பாய்கூட இல்லை. இது படை உள்ளே வரத் திறந்த வாசல் இல்லை. சனம் வெளியே போகத் திறந்த வாசல்.

திறந்தவளும் கடைசியாக வெளியே வருகிறாள். பிள்ளையோடு. வெட்டவெளியில் நிழல் முழுதாக விழுகிறது.

நிழல் தாழ்ந்து எழுகிறது.

இடது பக்கம். ஒவ்வொரு அடிக்கும்.

"அண்ணாச்சி, காலப் பாருங்க. அவ காலப் பாருங்க."

நாச்சியார் குளத்தில் நிற்கிறாள், எங்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அப்படியென்றால் தெற்கு மதிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்பது யார்? பார்க்கிறேன். குடை நடக்கிறது, எல்லோரும் தன்னையே பார்க்கட்டும் என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. குடுகுடுவென்று. தாழாமல், எழாமல். இடுப்பு வெறுமையாக இருக்கிறது.

நாச்சியார் திரும்பிப் பார்க்கிறாள். நடக்கிறாள். திரும்பவும் நிற்கிறாள். குளத்து மண்ணில் உட்கார்ந்தேவிட்டாள். இரண்டு பேர் வந்து அவளைத் தூக்கி இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளையை மட்டும் அவள் விடவில்லை.

பனங்காட்டுக்குள் கடைசித் தலையும் மறைந்த பிறகுதான் குடை விழுந்தது. அதுவரைக்கும் நின்றாள்.

ஆடி 8, மாலை

அண்ணாச்சி இப்போதுதான் கம்பியில் வந்தார். அழுதிருக்கிறார்.

"உலகம்மா, படையில உள்ளவன் செத்தவள ராணின்னு நெனச்சான். ஊரும் அப்படியே நெனச்சிட்டு. நாம கும்புடுதது ராணி இல்ல தாயி. ஒங்க ஆத்தா."

"அப்பம் ராணி?"

"ராணி பேரில்லாமப் போயி ஒங்க பிள்ளைய வளத்துருக்கா. இல்லன்னா நீ எப்படி வந்த?"

அப்புறம் சொன்னார், "ஒவ்வொரு வருசமும் இந்தக் கையாலதான் அந்த மொகத்த மூடினேன். ஒங்க தெரு மொனையில. அவ பிள்ளைகளப் பாக்க விடாம."

அவர் அழுகிறதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நாச்சியாரே என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. இப்போது அம்மா என்று கூப்பிடலாமா? வாய் வரவில்லை. பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆடி 11, சனி. காலை
காற்று பரவாயில்லை. சூடு கால்வாசி. விரல் மரத்துப்போகிறது.

குடைக்காரியை எடுப்பதையும் பார்த்துவிட்டே கிளம்பலாம் என்று இருந்துவிட்டோம். படை போய்விட்டது. கோட்டையில் புகை. பனங்காட்டிலிருந்து கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். முன்னால் அந்தத் தாழ்ந்த நிழல். குடை பிடித்தவளை மதிலடியிலிருந்து எடுத்து, கட்டிலில் கிடத்தி, தோளில் சுமந்து கோட்டையைச் சுற்றி வந்தார்கள்.

ஓர் இடத்தில் நின்றார்கள். வடக்கு வாசல் குடிசைக்கு முன்னால், அவள் வீட்டுக்கு முன்னால். நாச்சியார் அங்கே பிள்ளையோடு நின்றாள். ஓர் ஆள் சிவப்பாக எதையோ விரித்தான். குடைத் துணி. அதைக் கிடத்தியவளின் முகத்தின் மேல் போட்டான். குடிசையைத் தாண்டியதும் எடுத்துவிட்டான்.

"பாத்தியா," என்றார் அண்ணாச்சி, "அன்னைக்கே தொடங்கிட்டானுவ. அது எங்க ஆளாத்தான் இருக்கும். வாசல் தொறந்த எடம், ஆவாத எடம்னு மூடிருக்கான். ராணி பக்கத்துலயே நின்னும் தடுக்கலியே."

எனக்கும் அது புரியவில்லை. அவளுடைய சொந்த வீட்டு வாசலில் போய் ஏன் மூட வேண்டும்?

"அந்தப் பட்டுத் திரைய நானே எடுப்பேன் உலகம்மா. ஊரக் கூட்டி, நடுத்தெருவுல, ஒம் பேத்தியத் தூக்கிக் காட்டிட்டு அந்தத் துணிய எரிச்சிருதேன். இது சத்தியம்."

"பேத்தின்னு யாரு சொன்னா?"

"பொம்பளப் பிள்ளதான். வேணும்னா பாரு."

ஆடி 13, திங்கள். காலை
காற்று குறைவு. சூடு போதாது.

இயந்திரம் என் அறையில் மட்டும் சொன்னது: "மேற்கு உறக்கப் பெட்டி, காப்பு உடைந்துள்ளது. பயன்படுத்த இயலாது. கிழக்குப் பெட்டி நலம்." கல் என் பக்கம்தானே விழுந்தது.

படகில் இனி ஒரே பெட்டிதான் இருக்கிறது, பெட்டி இல்லாமல் நாலு வருஷம் தாங்காது. சீட்டுப் போடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. மறைப்பானேன். சண்முகவடிவு முகம் வந்தது. அதன் பிறகு கோர்ட் வந்தது. படங்களை நான் கொண்டுபோனால் என்ன ஆகும்? உச்சந்தலையும் நிழலும்தானே இருக்கிறது அதில். நிழலைக் காட்டி வாசக்காரி கதை அளக்கிறாள், கூட வந்த மனுஷரையும் கொன்றுவிட்டு வந்துவிட்டாள் என்பார்கள். அதே வார்த்தையைத் திரை பிடிக்கிற ஆவுடையப்பன் சொன்னால்? ஒருவரும் வாய் திறக்க முடியாது.

அவரிடம் விஷயத்தைச் சொன்னால் போகவே மாட்டார். சர்க்கரைக்காரர், எழுபது வயசு. நான் இருக்கிறேன் நீ போ என்று உட்கார்ந்துவிடுவார். பிடிவாதத்தில் ஊரிலேயே பேர் எடுத்தவர்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து குரல் வந்தது.

"எம்மா. பொம்பளப் பிள்ள. நேத்துக் காலைல. நல்லாருக்கோம். ஒன்ன மாதிரியே வாயி, ஆசுபத்திரியே கேக்குது. படம் அனுப்பிருக்கேன், வந்துச்சா? நெத்திய மட்டும் பாரு, அப்படியே நீதான். இந்தா, பேசு. ஆச்சிகூடப் பேசு."

அப்புறம் அழுகை. நல்ல கணீரென்ற அழுகை. படம் வரவில்லை. தட்டுதான் உடைந்துவிட்டதே. அழுகையைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

ஆடி 14, செவ்வாய். காலை

படகுக்கு இரண்டு கதவு. கிழக்கு அறையிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்று. உள்ளேயும் நடுவில் தடுப்பு. கோர்ட் உத்தரவு எவ்வளவு நல்ல உத்தரவு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பியில் பேசியது அப்படியே:

"உலகம்மா, ஏறிட்டியா?"

"ஏறிட்டேன் அண்ணாச்சி. கால நீட்டிப் படுத்துட்டேன்."

"பெட்டி சூடா இருக்கா?"

"இருக்கு. அடுப்படி மாதிரி இருக்கு. நீங்க மாத்திர போட்டியளா?"

"போட்டேன். படமெல்லாம் எம் பக்கம்தான் இருக்கு. ஊருல எறங்குனதும் மொதல்ல ஒன் வீட்டுக்குத்தான். புள்ளைக்கு நாலு வயசு ஆயிருக்கும்லா அப்போ?"

"ஆமா. கொலுசு வாங்கிக் குடுங்க. அவளுக்குப் பேரு வைக்கல இன்னும். குடைக்காரி பேரு தெரிஞ்சா வைக்கலாம்."

"தங்கச்சி, நாம இவ்வளவு நாளும் சண்ட போட்டதுக்கு..."

"அதெல்லாம் ஊர்ல போயிப் பேசிக்கிடலாம். கண்ண மூடுங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

கண்ணை மூடினார் போலிருக்கிறது. மூச்சு சீராகும்வரை நாச்சியார் கும்மிப்பாட்டை முணுமுணுத்தேன். அப்புறம் மேற்குக் கதவை வெளியேயிருந்து பூட்டினேன். படகு போய்விட்டது. நாலு வருஷம் கழித்து எழுந்து, தடுப்பைத் தட்டுவார்.

ஆடி 16, வியாழன். காலை
காற்று மிகக் குறைவு. சூடு நின்றுவிட்டது.

இயந்திரம் ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்கிறது. தூரக்கண்ணை அணைத்துவிட்டேன். கடைசியாகப் பார்த்தபோது நாச்சியார் குளத்தங்கரையில் பிள்ளைக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை விழுந்தது, எழுந்தது. இரண்டு நிழலும் தாழ்ந்து தாழ்ந்து போயின. இவளைப் பார்த்து அதுவும் இழுத்து இழுத்து நடக்கிறது போலிருக்கிறது. சிரித்துவிட்டேன்.

இனி, பேச்சைப் புத்தகத் தமிழாக்குகிற இயந்திரத்தையும் அணைத்தால், குரல் அனுப்புகிற சக்தி இன்னும் கொஞ்ச நேரம் நிற்குமாம். அணைத்துவிடுகிறேன். என் பேச்சு உங்களுக்குப் புரியாமலா போகும்.

ஆடி 17, வெள்ளி.

ஏட்டி வடிவு. அம்மா பேசுதேன். இது மூணு நாள் கழிச்சுத்தான் ஒனக்குக் கேக்கும். அழாத. பால் வத்திரும்.

ஆவுடையப்பன் மாமா வருவாரு. எம்மேல கோவமா இருப்பாரு, ஏமாத்திட்டான்னு. நீ சோறு போடு. புளிக்கொழம்பு வையி, பொடி இல்லாம நெசமான புளிக்கொழம்பு. அவரு சொல்லுதத நம்பு. நாம தொரோகி இல்லட்டி. நாம கும்புடுதவ வயித்துல பொறந்தவிய நாம.

வெரலு அசையல. பேச்சு வருது. எனக்கு வாயி கடைசியாத்தான் நிக்கும்னு ஒங்கப்பா சொல்லுவாரு.

பச்ச வெளக்கு போயிட்டு. படம் தெரியல. இருந்தாலும் கும்புட்டுக்கிட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கெழம. ஆடி வெள்ளி. ஊருல கூழு ஊத்திக்கிட்டு இருப்பிய.

பிள்ள அழுததையே போட்டுக் கேக்கேன். மொகம் எப்படி இருக்கும்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன், வரல. நெத்தி மட்டும் வருது. தாயே, ஒரு தடவ கண்ணுல காட்டிருக்கக் கூடாதா. எதுக்கு எனக்கு மட்டும் இப்படி மூடி வச்ச. ஒம் பிள்ளையளயும் நீ பாக்கல, எம் பேத்தியையும் நான்...

இரு.

வடிவு, இரு. மாமா அந்தப் பட்டுத் திரைய எரிக்கேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போறாரு. தூங்கிட்டாரு, அவருக்குச் சொல்ல முடியாது. நீ சொல்லு. எரிக்க வேண்டாம்னு சொல்லு. அவரு கையால ஒரு தப்பும் பண்ணலன்னு சொல்லு. இப்பத்தான் ஞாவகம் வருது எனக்கு. எங்கம்மா செத்து, எடுத்துட்டுப் போவைல எனக்கு ஏழு வயசு, தம்பி கைப்பிள்ள. ஊரு பூரா மொகந்தெறந்துதான் கொண்டு போனாவ. எங்க வீட்டு வாசல்ல மட்டும், நாங்க நிக்க எடத்துல மட்டும், ஒரு செவப்புத் துணியப் போட்டு மூடினாவ. பிள்ளையளோட மொகத்தப் பாத்துட்டா பெத்தவளுக்குப் போவ மனசு வராதுன்னு.